கிணற்று நீரும் கொதித்த எஞ்சினும்

காய்ச்சல் என்பது நோயன்று, நோயின் அறிகுறியே என்பர் வைத்தியர். நெற்றி சுடுகின்றதென்று ஈரத்துணியை இட்டுவிட்டு, சூட்டின் காரணம் யாதென ஆராயாதிருப்பவர் நோயாளியைக் காப்பாற்றியவர் ஆகார். மோட்டார் வாகனத்தின் எஞ்சினும் இவ்வகையில் மனித உடலை ஒத்ததே. அது கொதித்து நீராவி கக்கும்போது அருகிலுள்ள ஓடையில் நீர் மொண்டு ஊற்றிவிட்டுப் பயணத்தைத் தொடர்வோர் பலர். சிலவேளை அவர்கள் ஊர் போய்ச் சேர்வதும் உண்டு. ஆனால் காரணம் நீங்காதபோது காய்ச்சல் மீண்டும் வரும். அடுத்த முறை அது எஞ்சினின் உயிரையே வாங்கிவிடவும் கூடும்.

எஞ்சின் ஏன் சூடாகின்றது? பெற்றோல் எரியும்போது சிலிண்டருக்குள்ளே எழும் சுவாலையின் வெப்பநிலை 2,000 பாகை செல்சியசையும் கடந்துவிடும். அந்த வெப்பம் முழுவதும் சில்லைச் சுழற்றப் பயன்படுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகின்றது. இன்னும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, சிலிண்டர்களைச் சூழ்ந்து ஓடும் நீர் ஏற்றுக்கொள்கின்றது. சூடேறிய நீர் எஞ்சினின் முன்னே நிற்கும் றேடியேற்றரை அடைந்து, அதன் மெல்லிய குழாய்களினூடாக இறங்கும்போது, வெளிக்காற்றிடம் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகின்றது. இந்தச் சுற்றோட்டம் எங்கேனும் தடைப்பட்டால் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கிவிடும்.

கடல் மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். உயரம் கூடக் கூட வளியமுக்கம் குறைவதனால், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். இக்குறையை நிறைவு செய்வதற்காகவே றேடியேற்றரின் வாயில் அமுக்கத்தைத் தாங்கும் மூடி பொருத்தப்பட்டிருக்கின்றது. மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களில் இம்மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அளவான அமுக்கத்தைத் தேக்கிவைக்கும். அதனால் உள்ளிருக்கும் நீரின் கொதிநிலை 110 பாகையளவுக்கு உயரும். இக்காலக் கார்களில் அமுக்கம் ஏறத்தாழ அதன் இரு மடங்காகும்; கொதிநிலையும் 120 பாகையை எட்டும். சூடான எஞ்சினின் மூடியைத் திறத்தல் பேராபத்து என்பதன் காரணமும் இதுவே. மூடியை அகற்றிய கணத்தில் அமுக்கம் நீங்கும். நூறு பாகைக்கு மேல் நின்ற நீரின் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகும். நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். எனவே அது பீறிட்டு எழுந்து, திறந்தவரின் முகத்தையும் கைகளையும் அவித்துவிடும்.

இவையெல்லாம் ஏட்டறிவு. இவ்வறிவு தெருவில் எவ்வாறு சோதனைக்குள்ளாகின்றது என்பதை ஒரு சாரதியின் அனுபவத்தால் விளங்கிக்கொள்ளலாம்.

அவர் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டுபவர். காரோ 1960 ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். அவருடைய தந்தையார் ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்த கார். 1990 களில், பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் பெற்றோல் கிடைத்தற்கு அரிதான காலத்தில், பழைய கார்கள் பலவும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலொன்றில் காத்துவைத்த பெற்றோலைச் சில துளிகள் காபரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பிப்பர். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் உகந்த உணவன்று. அது காலந்தப்பி வெடித்து எஞ்சினைத் தட்டொலி எழுப்பச் செய்யும், சூட்டையும் கூட்டும். எரியாது எஞ்சியது மசகெண்ணெயிற் கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுக்கும். அத்தனையையும் பொறுத்துக்கொண்டு அந்தக் கார் நோயாளரையும் பிள்ளைத்தாய்மாரையும் சுமந்து ஓடியது. அதனாற்போலும், அது எதையும் தாங்கும் என்ற நம்பிக்கை சாரதியின் மனத்தில் வேரூன்றிவிட்டது.

கண்டி வீதி 2002 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஒருநாள், முதிய தம்பதியர் இருவரை ஏற்றிக்கொண்டு அவர் வைகறையிற் புறப்பட்டார். முதியவருக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் மறுநாட்காலை கண்ணில் சத்திரசிகிச்சை செய்வதாக ஏற்பாடு. வீதி ஏறத்தாழ 320 கிலோமீற்றர் நீளம். சோதனைச் சாவடிகளில் காத்திருந்து, வவுனியாவையும் தம்புள்ளையையும் கடந்தபோது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. நாலந்தையைத் தாண்டி நிலம் உயரத் தொடங்கியதும், சூடேறிய இரும்பும் வெந்த வர்ணமும் கலந்தாற் போன்ற மணமொன்று எழுந்தது. ஏற்றங்களில் எஞ்சின் மெல்லெனத் தட்டியது. அந்தக் காரில் வெப்பநிலை காட்டும் கருவி இல்லை. மூக்கும் செவியுமே கருவிகள். இரண்டும் தம் கடமையைச் செய்தன. ஆனால் பின்னாசனத்திலிருந்து, "தம்பி, இருட்டுமுன் போய்ச் சேர்ந்துவிடுவோமா?" என்று முதியவர் கேட்ட குரல் அவற்றிலும் உரத்து ஒலித்தது. சாரதி காரை நிறுத்தவில்லை.

மாத்தளையைக் கடந்து பலகடுவ ஏற்றத்தில் ஏறும்போது முன்மூடியின் ஓரங்களிலிருந்து ஆவி கசிந்தது. அப்போதேனும் நிறுத்தியிருக்கலாம். 'உச்சி அண்மையில், அதன் பின்னர் இறக்கந்தானே' என்று அவர் எண்ணினார். மேலும் இரண்டு கிலோமீற்றர் போனார். அந்த இரண்டு கிலோமீற்றரே அவருக்கு அதிக விலையாயிற்று. எஞ்சினின் வலு திடீரெனக் குன்றியது. பின்குழாயிலிருந்து வெண்புகை சுருள் சுருளாய் எழுந்தது. கார் தானே நின்றது.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. முன்னர் பதறியவர் இப்போது பதறவில்லை. முதியவரின் மனைவி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவர் வாங்க மறுத்தார். காய்ந்து சிவந்த இரும்பிற் குளிர்நீர் பட்டால், ஒரு பக்கம் சுருங்க மறுபக்கம் சுருங்காது நிற்க, வார்ப்பு வெடித்துவிடும் என்பது அவர் அறிந்ததே. முன்மூடியைத் திறந்துவைத்துக் காற்றுப் பட விட்டார். கண்டிக்குச் சென்ற பஸ் ஒன்றை மறித்து முதியோர் இருவரையும் ஏற்றி, நடத்துநரிடம் அவர்களை ஒப்படைத்தார். கூலி வாங்கவில்லை. பின்னர் லொறியொன்றின் உதவியால் கார் மாத்தளையிலுள்ள திருத்தகமொன்றுக்கு இழுத்துச் செல்லப்பட்டது.

திருத்தகத்தை நடத்தியவர் முதிர்ந்த முஸ்லிம் பெரியவர். சாரதி தம் அவசரத்தை அவரிடம் கூறினார்: "நானா, தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒழுக்கை அடைக்கிற மருந்து ஏதேனும் ஊற்றித் தாருங்கள். நாளைக்கு அந்தப் பெரியவர்களிடம் நான் போக வேண்டும்."

பெரியவர் சிரித்தார். "தம்பி, நாளைக்குப் போகலாம், நாளை மறுநாள் எங்கே நிற்பீர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பரிசோதனையைத் தொடங்கினார்.

அவர் செய்த பரிசோதனையின் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. முதலில், செலவில்லாமற் பார்க்கக் கூடியவற்றைப் பார்த்தார். நீர் எவ்வளவு குறைந்திருக்கின்றது? இறப்பர்க் குழாய்கள் வெடித்திருக்கின்றனவா? விசிறியையும் நீர்ப்பம்பியையும் சுழற்றும் பட்டி தளர்ந்துள்ளதா? நீர்ப்பம்பியின் அச்சில் ஒழுக்கு உண்டா? இவற்றிற் குற்றமில்லை. அடுத்து மசகெண்ணெயை அளக்கும் கோலை உருவினார். எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறமாயிருந்தது. அதாவது நீர் எண்ணெயிற் புகுந்துவிட்டது. தீப்பொறி தரும் பிளக்குகள் நான்கையும் கழற்றினார். இரண்டாவதும் மூன்றாவதும் ஆவியாற் கழுவப்பட்டவை போல் வெளுத்திருந்தன. சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்தபோது அதே இரண்டிலும் அமுக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் ஒருங்கே அமுக்கம் குறைவதாயின், அவற்றினிடையே காஸ்கற் எரிந்துவிட்டதென்று ஐயுற வேண்டும். எஞ்சினின் உடலுக்கும் தலைக்கும் இடையே கிடந்து, நெருப்பையும் நீரையும் எண்ணெயையும் ஒன்றோடொன்று கலவாது காக்கும் தகடே காஸ்கற். மிகுந்த சூட்டினால் தலை சிறிது விரிந்து வளைந்தாலும் அதன் பிடி விட்டுப்போகும்.

இவ்வளவில் நோய் என்னவென்று தெரிந்தது. நோயின் காரணம் இன்னும் தெரியவில்லை. காஸ்கற் எரிந்ததனால் எஞ்சின் கொதித்ததா, எஞ்சின் கொதித்ததனால் காஸ்கற் எரிந்ததா? இவ்வினாவை எழுப்பாத திருத்தம் அரைகுறைத் திருத்தமே.

பெரியவர் தெர்மோஸ்ரற்றைக் கழற்றி ஒரு பாத்திரத்து நீரிலிட்டு அடுப்பில் வைத்தார். நீர் சூடேறி 80 பாகையைக் கடந்ததும் அதன் வால்வு ஒழுங்காகத் திறந்தது. "இதன்மேற் குற்றமில்லை, ஏன் இதை எறியச் சொன்னீர்?" என்றார். தெர்மோஸ்ரற் எஞ்சினைச் சூடாக்குவதற்காக வைக்கப்பட்ட தடையென்று பலர் பிழையாக எண்ணுகின்றனர். குளிர்ந்த எஞ்சின் விரைவில் உரிய சூட்டை அடையும்வரை நீரைத் தடுத்துவைப்பதும், பின்னர் வேண்டிய அளவே விடுவதும் அதன் பணி. அதை அகற்றினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்து ஓடும், எரிபொருள் வீணாகும், சிலிண்டர்கள் விரைவில் தேயும்.

பின்னர் றேடியேற்றரின் மேற்றொட்டியிலுள்ள ஈயப்பற்றை உருக்கி அதைத் திறந்தார். உள்ளே குழாய்களின் வாய்களிற் பாதிக்கு மேல் வெண்ணிறப் பொருக்கினால் அடைபட்டிருந்தன. அவர் ஒரு துண்டைப் பெயர்த்துத் தட்டில் வைத்து, தேசிக்காயொன்றை வெட்டி அதன்மேற் பிழிந்தார். பொருக்கு நுரைத்துப் பொங்கியது.

"தம்பி, இதற்கு எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்?"

"எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் நானா. குடிக்கிற நல்ல தண்ணீர். அப்பா காலத்திலிருந்து அதைத்தான் ஊற்றுகிறோம்."

"அதுதான் சுண்ணாம்பு. குடிப்பதற்கு நல்லது, கொதிப்பதற்குக் கூடாது."

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற்பாறையின் மேல் அமைந்த நிலம். மழைநீர் அப்பாறையினூடாக இறங்கும்போது சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டே கிணற்றை அடைகின்றது. அந்நீரைக் காய்ச்சும்போது கரைந்த சுண்ணம் கல்சியம் காபனேற்றாகப் பிரிந்து படியும். யாழ்ப்பாணத்து அடுக்களைகளிலே கேத்திலின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்குப் படிந்திருப்பதை இல்லத்தரசியர் நாள்தோறும் காண்கின்றனர். எஞ்சினும் ஒரு கேத்திலே. ஆனால் அதன் உட்புறம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்பொருக்கு உலோகத்தைக் காட்டிலும் பன்மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும், குழாய்களையும் ஒடுக்கிவிடும். சமதரையான குடாநாட்டில் எஞ்சினுக்கு உழைப்புக் குறைவு. பாதி அடைபட்ட றேடியேற்றரும் அங்கே போதுமாயிருந்தது. மலையில் ஏறியபோதுதான், ஆண்டுக்கணக்காக மறைந்திருந்த குறை வெளிப்பட்டது.

திருத்தம் மூன்று நாட்கள் நடந்தது. எஞ்சின் முற்றாக ஆறிய பின்னரே தலை கழற்றப்பட்டது. சூட்டோடு கழற்றினால் அது மேலும் வளைந்துவிடும். வால்வுகளை இயக்கும் தண்டுகள் எட்டும், அவை இருந்த வரிசை மாறாதபடி, துளையிட்ட அட்டையொன்றிற் குத்திவைக்கப்பட்டன. ஒவ்வொரு தண்டும் தன் இடத்திற்கேற்பத் தேய்ந்து பழகியிருக்கும்; இடம் மாறினால் தேய்வு மிகும். பழைய காஸ்கற்றின் எச்சங்களை அவர் ஈரமாக்கிச் சுரண்டினார். அக்காலத்துக் காஸ்கற்றுகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. பின்னர் நேர்விளிம்புள்ள உருக்குச் சட்டமொன்றைத் தலையின் முகத்தில் வைத்து, இடைவெளியில் மெல்லிய அளவுத் தகடுகளை நுழைத்துப் பார்த்தார். நடுப்பகுதியில் மயிரிழையளவு வளைவு இருந்தது. மயிரிழைதானே என்று விடுவதற்கில்லை. வெடிக்கும் வாயு நுழைவதற்கு அதுவே பெருவழி. தலை கடைசற் பட்டறைக்கு அனுப்பப்பட்டு மட்டமாக அரைக்கப்பட்டது. நல்லகாலமாக அது வார்ப்பிரும்பு. இக்காலக் கார்கள் பெரும்பாலானவற்றின் தலை அலுமினியத்தாலானது. அது சூட்டினால் இன்னும் எளிதில் வளையும்.

றேடியேற்றரின் குழாய்களினுள்ளே மெல்லிய கம்பியைச் செலுத்திப் பொருக்கு அகற்றப்பட்டது. எஞ்சினின் நீரறைகள் மென்மையான அமிலக் கரைசலாற் கழுவப்பட்டு, நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நீர் பாய்ச்சித் தூய்மையாக்கப்பட்டன. பழைய எண்ணெய் முழுவதும் வடிக்கப்பட்டது. புதிய காஸ்கற்றின்மேல் தலை வைக்கப்பட்டபோது பெரியவர் தாமே ஸ்பனரை எடுத்தார். நடுவிலுள்ள நட்டிலிருந்து தொடங்கி, இருபுறமும் மாறி மாறி வெளிநோக்கிச் சென்று, மூன்று சுற்றுக்களிற் படிப்படியாக 40 அடி-இறாத்தல் அளவுக்கு இறுக்கினார். ஓரத்திலிருந்து இறுக்கினால் நடுப்பகுதி எழும்பி நிற்கும். வால்வுகளின் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்காகச் சரிசெய்தார். இறுதியாக நீரை ஊற்றி, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் வெளியேறி முடியும்வரை காத்திருந்தார். குமிழிகள் நின்றன. நீரின் மட்டம் அசையாது நின்றது. அதன் பின்னரே மூடியை இட்டார்.

நான்காம் நாள் அந்தக் கார் பலகடுவ ஏற்றத்தை மறுபடியும் ஏறியது. உச்சியில் சாரதி காரை நிறுத்தி இறங்கி, முன்மூடியின்மேல் கையை வைத்துப் பார்த்தார். கையை வைத்திருக்கக் கூடியதாயிருந்தது. பேராதனையிலே முதியவரின் சத்திரசிகிச்சை குறித்த நாளிலேயே நடந்து முடிந்திருந்தது. ஒரு கண்ணைக் கட்டியவராய் அவர் கட்டிலில் இருந்தார். சாரதி தாம் செய்த பிழையை மறைக்கவில்லை. "நாலந்தையிலேயே மணந்தது ஐயா. நான்தான் நிறுத்தவில்லை" என்றார். "அவசரப்படுத்தியவன் நானல்லவா?" என்றார் முதியவர். இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிய அன்றே, தம் வீட்டுத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு பீப்பாவை வைத்தார் அவர். மாரி வந்ததும் அதில் மழைநீர் நிறைந்தது. அதன் பின்னர் அந்தக் காருக்குக் கிணற்று நீர் ஊற்றப்படவில்லை.

வாகனம் வைத்திருப்போர் இதிலிருந்து கைக்கொள்ளத்தக்கவை சில உண்டு. வழக்கமல்லாத மணமோ ஒலியோ எழுந்தால், அல்லது வெப்பங்காட்டி ஏறினால், பாதுகாப்பான முதலிடத்திலேயே நிறுத்துதல் வேண்டும். காட்டியின் முள் திடீரெனக் கீழே விழுந்தால் மகிழ்வதற்கில்லை. உணரியைச் சூழ நீரே இல்லாது போனாலும் முள் அவ்வாறு விழும். எஞ்சினை நிறுத்திய பின் அரை மணி நேரத்துக்குக் குறையாமற் காத்திருந்து, மேற்குழாயைத் தொட்டு ஆறியதை உறுதி செய்துகொண்டு, தடித்த துணியால் மூடியைப் பற்றிச் சிறிது சிறிதாகத் திறத்தல் வேண்டும். ஊற்றுவது மழைநீராகவோ காய்ச்சி வடித்த நீராகவோ இருத்தல் நன்று. இக்காலக் கார்களுக்கு, அவற்றின் கைந்நூலிற் கூறப்பட்ட குளிர்விப்புத் திரவத்தையே இடுதல் வேண்டும். அது கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும். அத்திரவங்கள் பலவற்றில் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு கலந்திருப்பதால், குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாதவாறு வைத்தல் அவசியம்.

திருத்தம் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும், காரணம் நீங்கினாலன்றி அது நிலையாது. அந்தச் சாரதி மாத்தளையிற் செலவிட்ட மூன்று நாட்களில், காஸ்கற்றை மாற்றச் சென்ற நேரம் சிறிது; சுண்ணாம்பைக் கண்டுபிடித்து அகற்றச் சென்ற நேரமே பெரிது. அந்தப் பெரிய நேரத்தைச் செலவிட்டதனாலேயே, தந்தையாரின் கார் மகனுடைய கையில் இன்னும் பல ஆண்டுகள் ஓடியது.